நட்சத்திரமாய், வேலாய் மின்னும் பின்னணி விளக்குகள்: தாளை வெட்டுவதா, செட் வாங்குவதா, லென்ஸ் வாங்குவதா, போனிலேயே முடிப்பதா?

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே இந்தக் கேள்வி வரத் தொடங்கிவிடும். பிள்ளை கையில் அகல் விளக்கோடு நிற்கிறது. பின்னால் வராந்தாவில் தொங்கும் சரவிளக்கின் ஒவ்வொரு பல்பும் இதயமாகவோ நட்சத்திரமாகவோ மிதக்கிறது. அப்படி ஒரு படத்தை வீட்டிலேயே எடுக்க வேண்டும். எந்த வழியில் போவது?

நம் மொரீஷியஸில், வாக்வாவிலிருந்து ஒருவர் கேட்கிறார்: "அண்ணா, என்கிட்ட 50 லென்ஸ் இருக்கு. கறுப்புத் தாளை வெட்டி முன்னால மாட்டினாலே வரும்கிறாங்க. நெட்ல ரெடிமேட் செட்டும் விக்குது. எதுல இறங்கலாம்?" ரோஸ் ஹில் தம்பி ஒருவருக்குப் பழைய ரஷ்ய லென்ஸைக் காட்டி யாரோ ஆசை மூட்டியிருக்கிறார்கள். கத்ர் போர்னில் ஓர் அக்காவிடம் போன் மட்டும்தான். "ஆப்ல செஞ்சா பொய்யாத் தெரியுமா தம்பி?" என்பது அவர் கவலை.

மூன்று பேருக்கும் மூன்று பதில்தான். எவ்வளவு செலவாகும் என்றே எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன் போட வேண்டிய கணக்குகள் இரண்டு இருக்கின்றன. அவற்றைப் போட்டுவிட்டால் பாதிப் பேருக்கு எதையும் வாங்க வேண்டிய தேவை இருக்காது.

## இது எப்படி நடக்கிறது

ஃபோகஸில் இல்லாத சின்ன விளக்கு ஒவ்வொன்றும், லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையின் வடிவத்தையே படத்தில் வரைகிறது. துளை வட்டமாக இருப்பதால் வட்டமாகத் தெரிகிறது. முறுக்கு அச்சில் எந்தத் துளையோ அந்த வடிவில்தானே மாவு வரும்? இங்கேயும் அதுதான். நட்சத்திரத் துளை வழியாக ஒளியை விட்டால் விளக்கு நட்சத்திரமாகிவிடும். ஃபோகஸில் இருக்கும் முகத்துக்கு எதுவும் ஆகாது, கொஞ்சம் இருட்டாகும் என்பதைத் தவிர. அந்த "கொஞ்சம்" எவ்வளவு என்பதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். அதைப் பிறகு பார்ப்போம்.

## எதை வைத்து முடிவு செய்வது

லென்ஸின் துளை எவ்வளவு? இதுதான் முதல் கணக்கு. லென்ஸின் குவியத் தூரத்தை (அதில் மி.மீ.யில் எழுதியிருக்கும் எண்), அதன் எஃப் எண்ணால் (துளை எவ்வளவு திறக்கும் என்று காட்டும் எண்) வகுக்க வேண்டும். 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸ் என்றால் ஏறக்குறைய 28 மி.மீ. துளை. 85 மி.மீ., எஃப் 1.8 என்றால் 47 மி.மீ. கேமராவோடு சேர்த்துத் தரும் 18-55 லென்ஸை 55-இல் வைத்தால் எஃப் 5.6 தான் கிடைக்கும். துளை 10 மி.மீ.கூட இல்லை. வெட்டும் வடிவம் இந்த அளவுக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் லென்ஸின் சொந்தத் துளையே ஓரங்களை வெட்டிவிடும், நட்சத்திரத்தின் நுனிகள் காணாமல் போகும். பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை என்பது நல்ல அளவு. 50 எஃப் 1.8-க்கு 14 முதல் 18 மி.மீ. வரை வெட்டலாம்.

சுவரில் எவ்வளவு பெரிதாகத் தெரியும்? இது இரண்டாவது கணக்கு, யாரும் போடாத கணக்கு. வெட்டிய அளவை, ஆளுக்கும் விளக்குக்கும் இடையே உள்ள தூரத்தால் பெருக்கி, கேமராவுக்கும் ஆளுக்கும் இடையே உள்ள தூரத்தால் வகுக்க வேண்டும். 15 மி.மீ. இதயம், பிள்ளை 1 மீட்டரில், விளக்கு அதற்குப் பின்னால் 3 மீட்டரில் என்றால் விடை 45 மி.மீ. அதாவது, அந்தச் சுவரில் நாலரை சென்டிமீட்டர் இதயங்களைத் தொங்கவிட்டது போலப் படத்தில் தெரியும். பிள்ளையை விட்டுவிட்டு ஓர் அகல் விளக்கையோ சின்ன விக்கிரகத்தையோ அரை மீட்டரில் வைத்து எடுத்தால் அதே இதயம் 9 சென்டிமீட்டர் ஆகிவிடும்.

சரவிளக்குகளில் பல்புக்குப் பல்பு 10 சென்டிமீட்டர் இடைவெளி இருப்பது சாதாரணம். 9 சென்டிமீட்டர் இதயங்களை 10 சென்டிமீட்டருக்கு ஒன்றாக வைத்தால் ஒன்றோடொன்று உரசும். சரத்தைச் சுருட்டிக் கொத்தாகத் தொங்கவிட்டால் கேட்கவே வேண்டாம், வடிவமெல்லாம் கரைந்து ஒரே வெளிச்சக் கூழ். "ஷேப் வரலை" என்று எனக்கு வரும் படங்களில் பெரும்பாலும் வடிவம் வந்துதான் இருக்கிறது, ஒன்றின் மேல் ஒன்று ஏறி மறைந்திருக்கிறது. சரத்தை அகலமாகப் பரப்பினால் போதும்.

விளக்கின் அளவும் இதே கணக்கில் அடங்கும். 5 மி.மீ. எல்இடி பல்பு 45 மி.மீ. இதயத்தைக் கூர்மையாக வரையும். 2 சென்டிமீட்டர் உயரச் சுடர் அப்படி வரையாது. மூலைகளை எல்லாம் மழுக்கிவிடும். பின்னணியில் அகல் வரிசையே வேண்டும் என்றால் இன்னும் தள்ளி வைக்க வேண்டும், அல்லது ஆளை நெருங்கி எடுக்க வேண்டும்.

முன்னால் இருப்பது யார்? அசையாத பொருளா, ஓடும் பிள்ளையா?

வடிவத்தை யார் முடிவு செய்கிறார்? இதயமும் நட்சத்திரமும் போதுமா, வேலோ தமிழ் எழுத்தோ வேண்டுமா?

கண்ணுக்குத் தெரியாத செலவு என்ன? நம் தீவில் இது தனிக் கதை. வெளிநாட்டிலிருந்து வரும் பொருளுக்கு அனுப்புச் செலவு, அதன் மேல் 15 விழுக்காடு வாட் வரி, காத்திருக்கும் நாள். லென்ஸ் வாங்கினால் ஈரப்பதத் தொல்லை வேறு.

| | தாள் | ரெடிமேட் செட் | தனி லென்ஸ் | போன், மென்பொருள் |
|---|---|---|---|---|
| கையில் இருக்க வேண்டியது | பெரிய துளை லென்ஸ் | பெரிய துளை லென்ஸ் | லென்ஸ் கழற்றும் கேமரா | போன் அல்லது கணினி |
| வடிவச் சுதந்திரம் | முழுக்க | பெட்டியில் உள்ளது மட்டும் | தகட்டில் உள்ளது மட்டும் | ஆப்பைப் பொறுத்து |
| படத்தின் ஓரங்களில் | வடிவம் வெட்டுப்படும் | வெட்டுப்படும் | நன்றாக இருக்கும் | நன்றாக இருக்கும் |
| ஆட்டோஃபோகஸ் | தடுமாறும் | தடுமாறும் | பெரும்பாலும் கிடையாது | தொல்லையில்லை |
| மறைந்த செலவு | முகத்துக்குத் தனி விளக்கு | அதே விளக்கு, பார்சல், வாட் | பூஞ்சை, அடாப்டர் | திருத்தும் நேரம், பொய்யான ஓரங்கள் |
| பொருந்துவது | வீட்டுச் சோதனை | பலர் கூடும் நிகழ்ச்சி | இந்த வகைப் படத்தையே தொடர்ந்து எடுப்பவர் | போன் மட்டும் உள்ளவர் |

## தாளை வெட்டுவது

வாக்வாக்காரருக்கு என் பதில் இதுதான், யோசிக்கவே வேண்டாம்.

பிள்ளைகளின் பள்ளிச் சாமான் வாங்கும் லிப்ரேரியில் (புத்தகக் கடையில்) கிடைக்கும் கெட்டியான கறுப்புக் கான்சான் வரைதாள் போதும். லென்ஸின் முன்விளிம்பு அளவுக்கு ஒரு வட்டம், அதைத் தாங்க லென்ஸைச் சுற்றி வரும் ஒரு பட்டை, நடுவில் வடிவம். பட்டைக்கும் வட்டத்துக்கும் இடையே வெளிச்சம் கசியக் கூடாது. வட்டம் லென்ஸை ஒட்டியே இருக்க வேண்டும். நீளமான குழாய் செய்து அதன் நுனியில் ஒட்டினால் படத்தின் மூலைகள் இருட்டிவிடும், ஓரத்து விளக்குகளின் வடிவம் பாதியாக அறுபடும். ஒட்டி வைத்தாலும் ஓரத்தில் கொஞ்சம் அறுபடத்தான் செய்யும். அதனால் விளக்குகளைப் படத்தின் நடுப்பகுதிக்குள் வருமாறு தொங்கவிடுவது நல்லது. அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் துளையை, முழுக்கத் திறந்து (மிகச் சின்ன எஃப் எண்ணில்) வைக்க வேண்டும். எஃப் 8-இல் எடுத்துவிட்டுத் தாளைக் குறை சொல்லிப் பயனில்லை.

வெட்டுவதில்தான் சூட்சுமம். தாளின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நாரைக்கூட ஒவ்வொரு விளக்கும் படத்தில் காட்டிக்கொடுக்கும். கத்தரிக்கோல் ஒத்து வராது. புது பிளேடு போட்ட கட்டர் வேண்டும், கீழே கெட்டி அட்டை வேண்டும். வளைவில் கத்தியைத் திருப்பாமல் தாளைத் திருப்ப வேண்டும். இதைவிட எளிய வழி கைவினைக் கடையில் விற்கும் வடிவப் பஞ்ச். 16 மி.மீ. இதயப் பஞ்ச் ஒன்று இருந்தால் 50 எஃப் 1.8-க்கு அளவெடுத்தது போல இருக்கும், ஓரமும் சுத்தமாக வரும். 25 மி.மீ. பஞ்ச்சை வாங்கிவிடாதீர்கள்; 28 மி.மீ. துளையில் அது உள்ளேதான் அடங்கும் என்றாலும் நடுவில் இருந்து கொஞ்சம் விலகினாலே ஓரம் போய்விடும்.

நம் வடிவங்களுக்கு வருவோம். தைப்பூசக் காவடிக்கு வேல் கேட்பவர்கள் உண்டு. இலை போன்ற தலையும் கீழே ஒரு கோடும் கொண்ட வடிவம் என்பதால் வெட்ட எளிது. கோட்டை மட்டும் 2 மி.மீ.க்குக் குறையாமல் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் படத்தில் தலை மட்டும் மிதக்கும். எழுத்துகளில் ப, ட, ய போன்றவை சிக்கலில்லாமல் வெட்ட வரும். சுழி உள்ள எழுத்தில் சுழிக்குள் இருக்கும் தாள் துண்டு பிடிமானமில்லாமல் விழுந்துவிடும். ஓம் வெட்டும்போது ஓகாரத்தின் சுழி இப்படித்தான் ஓட்டையாகிப் போகும். அங்கங்கே ஒரு மெல்லிய பாலம் விட்டு வெட்ட வேண்டும். பாலமும் படத்தில் தெரியும், அதைத் தவிர்க்க வழியில்லை.

எந்தப் பக்கம் திருப்பி மாட்டுவது? கேமராவுக்குப் பின்னால் நிற்பவர் அந்தத் தாள் வழியே வெளியே பார்த்தால் எழுத்து நேராகத் தெரிய வேண்டும். பின்னணி விளக்குகளில் அப்படியே நேராக வரும். ஆளுக்கு முன்னால், ஃபோகஸுக்கு இந்தப் பக்கம் விளக்கு இருந்தால் அதில் மட்டும் தலைகீழாக வரும். வேல் கீழ்நோக்கிக் குத்திக்கொண்டு நிற்பதை வீட்டுப் பெரியவர்கள் ரசிக்க மாட்டார்கள். வடிவத்தில் திசை முக்கியமென்றால் முன்னால் விளக்கு வேண்டாம்.

இனி அந்த "கொஞ்சம் இருட்டு". 50 எஃப் 1.8-இன் முழுத் துளைக்கு ஏறக்குறைய 600 சதுர மி.மீ. பரப்பு. நுனிக்கு நுனி 15 மி.மீ. வரும் ஐந்து முனை நட்சத்திரத்தின் பரப்பு ஏறக்குறைய 70தான். முகத்துக்கு வரும் வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகிறது. அதே அகல இதயம் என்றால் நாலில் ஒரு பங்குபோல. கேமரா தானாக ஐஎஸ்ஓவை (ஒளியுணர்வை) ஏற்றி முகத்தைச் சரிசெய்துவிடும் என்றுதான் தோன்றும். முகம் சரியாகிவிடும், விளக்குகள் கெட்டுவிடும். காரணம் இதுதான்: மங்கலான விளக்கிலிருந்து வரும் ஒளியும் பத்தில் ஒன்றாகக் குறைகிறது, ஆனால் அது படத்தில் பரவும் இடமும் அதே பங்குக்குச் சுருங்குகிறது. அதனால் விளக்குப் பொட்டின் பளபளப்பு மாறுவதே இல்லை. முகத்துக்காகப் பத்து மடங்கு ஏற்றினால் சிவப்பு, பச்சை, மஞ்சள் எல்லாம் வெளுத்து வெள்ளை நட்சத்திரங்களாகிவிடும்.

அதனால் தாள் வழியின் உண்மையான செலவு தாளில் இல்லை. முகத்துக்கு ஒரு தனி விளக்கு வேண்டும், அதுதான் செலவு. மேசை விளக்கு ஒன்றைப் பக்கவாட்டில் வைத்து, முன்னால் பட்டர் பேப்பர் தொங்கவிட்டால் போதும். அந்த வெளிச்சம் பின்னால் இருக்கும் சுவரில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சூடாகாத எல்இடி பல்பாக இருக்கட்டும், அதுவும் சரவிளக்கைப் போல மஞ்சள் சாயலில். முகம் நீலமாகவும் பின்னணி பொன்னிறமாகவும் வந்தால் படம் ஒட்டுப்போட்டது போல இருக்கும்.

இன்னொரு தொல்லை ஆட்டோஃபோகஸ். துளையின் பெரும்பகுதியை அடைத்துவிட்டதால், பழைய எஸ்எல்ஆர்களில் வியூஃபைண்டர் வழியே ஃபோகஸ் தேடித்தேடி அலையும். தாளைக் கழற்றி ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றி, தாளை மாட்டி எடுக்கலாம். சாமி விக்கிரகத்துக்கு இது சரி. நாலு வயதுப் பிள்ளைக்கு? லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையைப் பார்த்து) எடுங்கள், பிள்ளையை நாற்காலியில் உட்காரவையுங்கள், கையில் கொறிக்க ஏதாவது கொடுங்கள்.

18-55 மட்டும் வைத்திருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். 55-இல் வைத்து, 6 மி.மீ. வடிவம் வெட்டி, 40 சென்டிமீட்டரில் ஓர் அகலையோ பூத்தட்டையோ எடுத்தால் பின்னணி வடிவங்கள் நன்றாகவே தெரியும். ஆளை 1 மீட்டரில் வைத்து எடுத்தால் அவை கடுகாகிவிடும். 6 மி.மீ.க்குள் இதயம் வெட்டுவதற்குப் பொறுமையும் நல்ல கண்ணும் வேண்டும்.

## ரெடிமேட் செட்

லென்ஸில் மாட்ட ஒரு வளையம், அதில் சொருகி மாற்ற வில்லை வில்லையாகப் பிளாஸ்டிக் தகடுகள். ஓரம் இயந்திரத்தில் வெட்டியது என்பதால் கச்சிதம். நம் மழைக்கால ஈரத்தில் தாள் வளைந்து நெளிவது போல இது நெளியாது. தீவின் மேட்டுப் பகுதியில், கியூர்பிப்பிலும் வாக்வாவிலும், வெட்டி மாட்டும் தாள் (மாஸ்க்) இரண்டு வாரத்தில் அப்பளம் ஆகிவிடும் என்பதை அங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பணத்தைத் தாண்டி இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. முதலாவது, வடிவத்தின் அளவு எந்த லென்ஸுக்காக என்று பார்ப்பது. பெரும்பாலான செட்கள் 50 எஃப் 1.8 போன்ற லென்ஸை மனத்தில் வைத்துச் செய்தவை. 18-55 வைத்திருப்பவர் இதை வாங்கினால் நுனி அறுந்த, ஏறக்குறைய வட்டமான விளக்குகளைத்தான் பார்ப்பார். விற்பவர் இதைச் சொல்வதில்லை. இரண்டாவது, வடிவங்களின் பட்டியல். இதயம், நட்சத்திரம், இசைக்குறி, பனிச்செதில், கிறிஸ்துமஸ் மரம். உறைபனியே விழாத தீவில் பனிச்செதில் தகட்டுக்கும் சேர்த்து வாட் கட்டுகிறோம். வேல் கிடையாது, குத்துவிளக்கு கிடையாது. வெற்றுத் தகடுகள் சில சேர்த்துத் தரும் செட் கிடைத்தால் அதை எடுங்கள். நம் வடிவத்தை வெட்டிச் சொருகிக்கொள்ளலாம்.

பிறந்தநாள் விழாவில் வரிசையாகப் பிள்ளைகளை எடுக்கிறீர்கள், ஆளுக்கொரு வடிவம் கேட்கிறார்கள் என்றால் செட்டுக்கு ஈடில்லை. சில நொடியில் மாற்றலாம், பிள்ளைகளே மாற்றிக்கொள்வார்கள். வீட்டில் வருடத்துக்கு ஒருமுறை தீபாவளிக்கு எடுப்பவருக்கு அது அலமாரியில் தூங்கும். கல்யாணப் பத்திரிகைக்கு லேசரில் தாள் வெட்டித் தரும் கடை பக்கத்தில் இருந்தால், வடிவத்தை வரைந்து கொடுத்து மெல்லிய கறுப்பு அட்டையில் வெட்டச் சொல்வது நடுவழி. செட்டின் கச்சிதம், தாளின் சுதந்திரம் இரண்டும் கிடைக்கும். எனக்குப் பிடித்தது இதுதான்.

## தனி லென்ஸ்

ரோஸ் ஹில் தம்பிக்கு: அந்த ரஷ்ய லென்ஸ் பெரும்பாலும் ஹீலியோஸ் 44-2 ஆக இருக்கும். 58 மி.மீ., எஃப் 2. பின்னணி சுழல்வது போலக் காட்டும், ஓரத்து விளக்குகளை எலுமிச்சை வடிவில் நசுக்கும். அழகுதான். ஆனால் இதயமும் நட்சத்திரமும் அதில் வராது. அதற்கு அந்த லென்ஸ் முன்னாலும் தாள் வெட்டித்தான் மாட்ட வேண்டும்! துளை 29 மி.மீ. இருப்பதால் மாட்டலாம், தடையில்லை; ஆனால் 50 எஃப் 1.8 வாங்கினால் அதே துளையோடு ஆட்டோஃபோகஸும் கிடைக்கிறதே.

அதை எடுத்தே தீருவேன் என்றால் எம்42 அடாப்டர் (பழைய திருகு லென்ஸை இன்றைய கேமராவில் மாட்டும் வளையம்) வேண்டும். நிக்கான் எஸ்எல்ஆரில், உள்ளே திருத்தக் கண்ணாடி இல்லாத அடாப்டர் போட்டால் தொலைதூர ஃபோகஸ் கிடைக்காது. வீட்டுக்குள் நெருங்கி எடுப்பதற்கு அது குறையில்லை. வாங்கும் முன் லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலை நூல் போலத் தெரிந்தால் பூஞ்சை. நம் ஊர் ஈரத்தில் அது வளரும், பக்கத்தில் இருக்கும் லென்ஸுக்கும் தொற்றலாம். சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாப் பெட்டியில், ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காடு வரை இருக்குமாறு வைக்க வேண்டும். அந்தப் பெட்டியும் ஈரப்பதமானியும் மலிவு லென்ஸின் விலையில் சேர வேண்டியவை.

வடிவத்துக்காகவே செய்த லென்ஸ்களும் உண்டு. லென்ஸ்பேபி நிறுவனம் சில லென்ஸ்களுக்குள் போட வடிவத் தகடுகளைத் தந்திருக்கிறது. லோமோகிராஃபியின் 85 மி.மீ., எஃப் 2.2 பெட்ஸ்வால் லென்ஸில் நடுவே ஒரு கீற்று இருக்கும். அதில் உலோகத் தகடுகளைச் சொருகலாம். ஜோசப் பெட்ஸ்வால் 1840-இல் வகுத்த லென்ஸ் அமைப்பின் மறுபிறவி அது. தகடு சொருகும் முறையும் பழசுதான், 1858 வாக்கில் ஜான் வாட்டர்ஹவுஸ் கொண்டுவந்தது. வடிவம் லென்ஸுக்கு முன்னால் இல்லாமல் நடுவிலேயே இருப்பதால் படத்தின் ஓரம் வரை நட்சத்திரம் ஏறக்குறைய முழுசாக வரும். இதுதான் இவற்றின் உண்மையான மேன்மை, தாளும் செட்டும் இதைத் தர முடியாது.

விலை மேன்மைக்கேற்ப இருக்கும். மேனுவல் ஃபோகஸ் வேறு. சின்னத் தீவில் இப்படிப்பட்ட லென்ஸை மறுபடி விற்க ஆள் கிடைப்பதும் கடினம். இந்த வடிவ விளையாட்டு இல்லாவிட்டாலும் அந்த லென்ஸை வாங்குவீர்களா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். ஆமாம் என்றால் வாங்கலாம். 500 மி.மீ. கண்ணாடித் தொலைலென்ஸில் விளக்குகள் வடை போல வளையமாக வரும் என்று படித்துவிட்டுக் கேட்பவர்களுக்கு ஒரே வரி: வீட்டுக்குள் இருக்கும் தூரத்தில் அதில் முகம்கூட முழுசாக அடங்குவது கடினம்.

## போனும் மென்பொருளும்

போன் கேமராவின் குவியத் தூரம் சில மில்லிமீட்டர்தான், துளை மூன்று நான்கு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். அதற்குள் நட்சத்திரம் வெட்ட நம் கையால் ஆகாது. ஆகவே போன்காரர்களுக்கு மென்பொருள்தான் வழி, அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

போட்ரெய்ட் மோடு ஆளையும் பின்னணியையும் பிரித்துப் பின்னணியை மங்கலாக்குகிறது. சில போன்களில் விளக்குகளை இதயமாகவோ நட்சத்திரமாகவோ மாற்றும் வசதி உள்ளேயே இருக்கிறது, இல்லாதவற்றுக்கு ஆப். கத்ர் போர்ன் அக்கா கேட்ட "பொய்யாத் தெரியுமா?" என்பதற்கு என் பதில்: விளக்குகளில் தெரியாது, தலைமுடியில் தெரியும். பிள்ளையின் காதோரத்து முடி, மல்லிகைச் சரம், பாவாடைச் சரிகையின் ஓட்டைகள், இங்கெல்லாம் போன் எல்லையைத் தப்பாகப் போடும். முடியை இறுக்கிப் பின்னி, உடையின் நிறம் பின்னணியிலிருந்து விலகி இருக்குமாறு பார்த்து, பிள்ளையைச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி நிறுத்தினால் இந்தப் பிழைகளில் பாதி போய்விடும்.

கணினியில் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஃபோட்டோஷாப்பின் லென்ஸ் பிளர் ஃபில்டரில் ஐரிஸ் வடிவமாக முக்கோணத்திலிருந்து எண்கோணம் வரைதான் உண்டு, இதயம் கிடையாது. அதற்கு இதயப் படங்களைத் தனி லேயரில் ஸ்கிரீன் முறையில் ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். விளக்குகள் ஏற்கெனவே வெளுத்திருந்தால் மங்கலாக்கும்போது அவை சாம்பல் பொட்டுகளாகிவிடும். ஸ்பெக்குலர் ஹைலைட்ஸ் பகுதியில் பிரகாசத்தை (பிரைட்னெஸ்) ஏற்றி, த்ரெஷோல்ட் என்ற வரம்பைக் கொஞ்சம் இறக்கினால்தான் ஒளிரும். ஒரு படத்துக்கு இந்த வேலை பரவாயில்லை. தீபாவளி ஆல்பம் முழுக்கச் செய்ய உட்கார்ந்தால் பொங்கல் வந்துவிடும்.

இந்த வழிக்கு மட்டும் உள்ள ஒரு வசதியைச் சொல்லியாக வேண்டும்: ஏற்கெனவே எடுத்த படத்தில் பிறகு மனம் மாறலாம். தாள் வழியில் நட்சத்திரம் நட்சத்திரம்தான். பாட்டியோடு எடுத்த ஒரே படத்தில் சோதனை செய்ய வேண்டாம். அதைச் சாதாரணமாக எடுத்துவிட்டுப் பிறகு மென்பொருளில் விளையாடுங்கள்.

மென்பொருள் தோற்கும் இடமும் உண்டு. கண்ணாடி ஜன்னலிலும் பித்தளைக் குத்துவிளக்கின் வளைவிலும் பிரதிபலிக்கும் விளக்குகள், தாள் வழியில் ஃபோகஸில் இல்லாதவரை தாமாகவே நட்சத்திரமாகும். இலைகளுக்கு இடையே எட்டிப்பார்க்கும் விளக்கு பாதி நட்சத்திரமாக வரும். அந்த இயல்பு ஆப்பில் கிடைப்பதில்லை.

## விளக்குக்கான செலவு

நாலு வழியில் எதில் போனாலும் விளக்குக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்குங்கள், குறிப்பாக முதல் மூன்றில். பல்ப் இடைவெளி அகலமான சரமாகப் பாருங்கள். பனிக்கட்டி போலக் கீழே தொங்கும் திரைச்சரங்கள் கண்ணுக்கு அழகு, கேமராவுக்கு நெருக்கம் அதிகம். பல நிறச் சரம் வாங்கினால் வடிவங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து தெரியும்.

மின்னி மின்னி அணையும் மோடை நிறுத்திவிட்டு எடுங்கள். பிளக்கில் நேராகப் போடும் மலிவு எல்இடி சரங்கள், நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும். ஷட்டரை 1/200, 1/250 என்று வேகமாக வைத்தால் ஒரு படத்தில் பிரகாசமாகவும் அடுத்ததில் மங்கலாகவும் வரும். 1/50-இல் வைத்தால் அந்தப் பிரச்சினை இருக்காது. பிள்ளை அசைந்து படம் கலங்கினால் 1/100 போய்ப் பார்க்கலாம். யுஎஸ்பியிலோ பேட்டரியிலோ ஓடும் சரங்கள் பெரும்பாலும் துடிப்பதில்லை, வராந்தாவில் எங்கு வேண்டுமானாலும் தொங்கவிடலாம், மழைத் தூறலிலும் பயம் குறைவு.

தீபாவளி நம் கோடையின் வாசலில் வருகிறது. ஆறேகால் வாக்கில்தான் சூரியன் மறையும், வானம் நன்றாக இருள ஏழு மணி ஆகும். ஆறு மணிக்கே பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை கட்டி நிறுத்தினால் விளக்கு எடுபடும் முன் அது அழுதுவிடும். வடிவம், தூரம், மேசை விளக்கு எல்லாவற்றையும் முந்தின இரவே ஒரு தலையணையை நாற்காலியில் நிறுத்திச் சரிபார்த்து, தரையில் டேப் ஒட்டி அடையாளம் வைத்துவிடுங்கள். காவடிக்கு வேல் வெட்டுபவர்களுக்கும் ஒன்று: ஊர்வலம் பகல் வெயிலில் போகிறது, அங்கே மாஸ்க்குக்கு வேலையே இல்லை. முந்தின இரவு வீட்டில் காவடி கட்டும்போது, பின்னால் ஒரு சரத்தைப் பரப்பித் தொங்கவிட்டு எடுங்கள். பூவும் மயிலிறகும் அரை மீட்டரில் இருந்தால் 15 மி.மீ. வேல் நல்ல அளவில் வரும்.